மாற்றுக் கட்சிக்கு ஓட்டா? முதலில் பூத் ஏஜென்ட் இருக்கிறாரா பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "எல்லாரையும் பார்த்தாயிற்று, இந்த முறை மாற்றுக்குத்தான்" என்று எழுதும் வாசகர் கடிதங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. சலிப்புக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பணப் பட்டுவாடாவுக்காக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று வரிசையாகத் தேர்தல் நிறுத்தப்பட்ட மாநிலம் இது. 2017 பிப்ரவரியில் அதிமுக எம்எல்ஏக்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டதை நாடே டி.வி.யில் பார்த்தது. கொடுப்பவர் பெயர் வெளியே வராமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு வெளிவந்த கணக்கில் திமுக வாங்கியது 656.5 கோடி ரூபாய்; அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்தின் பணம். பாஜக வாங்கியது 6,000 கோடிக்கும் மேல்.

ஆகவே சலித்துப்போனவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து எந்தக் கட்சி என்று அவர் முடிவெடுக்கும் விதத்தில்தான் கோளாறு. மாநாட்டுக் கூட்டம், மேடைப் பேச்சு, தலைவரின் முகம் ஆகிய மூன்றையும் வைத்தே முடிவெடுக்கிறோம். காசு இருந்தால் முதலாவது வந்துவிடும், பயிற்சி இருந்தால் இரண்டாவது, புகழ் இருந்தால் மூன்றாவது. இந்த மூன்றாலும் ஒரு மாதத்தில் உண்டாக்க முடியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் விடிகாலையிலிருந்து இரவுவரை அந்தக் கட்சிக்காக உட்காரும் உள்ளூர் ஆள், அதாவது பூத் ஏஜென்ட்தான் அது. எந்த மாற்றுக் கட்சியையும் அங்கிருந்துதான் எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் 68,000-க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள். 234 தொகுதிக்கு வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 290. ஒரு பூத்துக்கு 1,200 வாக்காளர்தான் என்ற வரம்பு வந்த பிறகு எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது. ஒரு வேட்பாளர் ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்டும், அவரை மாற்றிவிட இரண்டு பேரும் நியமிக்கலாம்; உள்ளே ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். சாப்பிடப் போக, ஒதுங்கப் போக என்று மாற்றாள் ஒருவராவது இல்லாமல் முடியாது. அப்படியானால் ஒரு தொகுதிக்குக் குறைந்தது 580 பேர். நிதி இல்லாத கட்சிக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேறில்லை. சாப்பாட்டுப் பொட்டலமும் கைச்செலவும் கொடுத்து ஆள் பிடிக்கிற கட்சி, மதியத்துக்கு மேல் பாதிப் பேரைக் காணாமல் தேடும்.

அந்த ஏஜென்ட் அங்கே என்ன செய்கிறார் என்பது பல பேருக்குத் தெரியாது. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்க்க வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும் ஓட்டு விழுகிறதா, கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் கணக்கும் விவிபேட் (போட்ட ஓட்டை அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஏஜென்ட்களின் கண் முன்னால் எண்ணி, பிறகு அந்தக் கணக்கை அழித்து, சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைப்பார்கள். ஏஜென்ட்கள் வரவில்லை என்றால் 15 நிமிடம் பார்த்துவிட்டு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆறு மணிக்கு மேல் வந்து சேர்ந்து "இயந்திரத்தைச் சரிபார்த்தீர்களா" என்று சண்டை போடும் ஏஜென்டுக்கு அலுவலர் காட்டப்போவது மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட சான்றிதழைத்தான்.

பகல் முழுக்க அவருடைய வேலை வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வருகிற பெயரை அடிப்பது. இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர் பெயரில் யாராவது வந்தால் ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் அவர்தான். வந்தவர் அந்த வாக்காளர்தானா என்று ஆட்சேபிக்கும் இந்தச் சவால் ஓட்டுக்குக் கட்டணம் இரண்டே ரூபாய். ஆனால் இரண்டு ரூபாயைக் கட்டிவிட்டு "இவர் அவரில்லை" என்று சொல்ல, அந்தத் தெருக்காரராக இருந்தால்தான் வாய் வரும். ஏஜென்ட் அதே பூத்திலோ பக்கத்துப் பூத்திலோ வாக்காளராக இருக்க வேண்டும், அப்படி ஆள் கிடைக்காவிட்டால் அதே தொகுதிக்காரர் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். தளர்த்தியதால் பயன் அதிகமில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவுனிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்கிய பையனுக்கு அந்த ஊரில் யார் உயிரோடு இருக்கிறார், யார் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று எப்படித் தெரியும்?

சின்னக் கட்சிகள் இடறி விழும் இடங்களும் இங்கேதான். ஏஜென்டை நியமிக்கும் படிவம் 10-ல் வேட்பாளரோ அவருடைய தலைமை முகவரோ கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தின் மாதிரி தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு பூத்துக்கும் முன்கூட்டியே போயிருக்கும். கடைசி நாள் இரவில் 290 படிவத்திலும் வேட்பாளர் கையெழுத்துப் போட முடியாமல் தம்பியோ நண்பரோ போட்டுவிடுவார். காலையில் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று ஏஜென்டைத் திருப்பி அனுப்புவார்கள். கைபேசியோடு வந்து வாசலில் நிற்பவர், வாக்காளர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் என்று இன்னொரு கூட்டம். உட்காரும் வரிசையும் சட்டப்படிதான்: தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, பிற மாநிலத்தில் அங்கீகாரம் பெற்றவை, பதிவு மட்டும் பெற்றவை, கடைசியில் சுயேச்சை. மாற்றுக் கட்சி ஏஜென்டுக்குப் பெரும்பாலும் பின்பெஞ்சுதான். வருகிறவரின் முகத்தைப் பார்க்கவே எட்டிப் பார்க்க வேண்டும்.

இருந்தும் மாலையில் அவர் கையில் வாங்கிவரும் ஒரு தாளுக்காக இத்தனை பாட்டையும் படலாம். அதன் பெயர் படிவம் 17சி. அந்தப் பூத்தில் பதிவான மொத்த ஓட்டு, இயந்திரத்தின் எண், சீல் எண்கள் எல்லாம் அதில் இருக்கும். கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு வர வேண்டும். எண்ணிக்கை நாளில் அந்த இயந்திரம் மேசைக்கு வரும்போது எண்ணும் சீலும் மொத்தமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க இந்தத் தாள் ஒன்றுதான் ஆதாரம். பெரும்பாலான மையங்களில் 14 மேசை, அது போகத் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசை. 290 பூத் என்றால் சுமார் 21 சுற்று. மேசைக்கொரு எண்ணிக்கை முகவர், படிவம் 18-ல், எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்னதாகப் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். 17சி கட்டை வட்டச் செயலாளரின் வண்டி டிக்கியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வரும் முகவர் அங்கே என்னத்தைச் சரிபார்ப்பார்? தோற்ற பிறகு "இயந்திரத்தில் மோசடி" என்று பேட்டி கொடுக்கும் கட்சித் தலைவரிடம் நிருபர்கள் முதலில் கேட்க வேண்டியது, "உங்களிடம் எத்தனை பூத்தின் 17சி இருக்கிறது?" என்பதுதான். சட்டம் வழி விட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் பணம் கட்டி 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கச் சொல்லலாம். எந்த இயந்திரத்தை என்று சொல்வதற்கே பூத் வாரியான தாள் வேண்டும்.

வாக்காளர் வீட்டிலிருந்தே ஒரு சோதனை செய்யலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் படிவம் 20 என்று பூத் வாரியான முடிவுத் தாள் உண்டு. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கிறது. உங்கள் பூத் எண்ணை எடுத்து, நீங்கள் நினைத்திருக்கும் கட்சி கடந்த தேர்தலில் அங்கே எத்தனை வாங்கியது என்று பாருங்கள். தொகுதி முழுக்க 15,000 ஓட்டு வாங்கிய கட்சி, 40 பூத்தில் முந்நூறுக்கு மேலும் மீதியில் ஐந்தும் பத்தும் வாங்கியிருந்தால் அந்த 40-ல் ஆள் இருக்கிறது, மற்ற இடத்தில் சுவரொட்டி இருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பூத்திலும் ஒரே மாதிரி ஐம்பது ஐம்பதாக விழுந்திருந்தால் அது தலைவர் முகத்துக்கு விழுந்த ஓட்டு. இந்த இரண்டாவது வகை அடுத்த தேர்தலில் கரைந்துபோக அதிக நாள் ஆகாது.

தேமுதிக கரைந்தது அப்படித்தான். 2005-ல் தொடங்கி 2006-ல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. கிடைத்த இடம் விருத்தாசலம் ஒன்றுதான். 2009-ல் சுமார் 10 சதவீதம். 2011-ல் அதிமுகவோடு சேர்ந்து 41-ல் 29 வென்று எதிர்க்கட்சித் தலைவர் பதவி வரை போனது. அதன்பின் எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராக ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் ராஜினாமா செய்ய, அந்தப் பதவியும் போயிற்று. அந்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணியோடு நின்று ஒரு இடமும் இல்லை, 2.4 சதவீதம், உளுந்தூர்பேட்டையில் தலைவருக்கே டெபாசிட் இல்லை. மக்கள் நீதி மய்யம் இன்னும் வேகமாக அந்தப் பாதையைக் கடந்தது. 2021-ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தலைவர் தோற்றார், சில வாரங்களில் இரண்டாம் கட்டத் தலைவர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள், 2024-ல் கட்சி திமுக கூட்டணியில் இருந்தது. இரண்டிலும் மேல்மட்டம் பிய்த்துக்கொண்டு போனபோது கீழே பிடித்து நிறுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி என்ற அடுக்கே போதுமான அளவு இல்லை.

நாம் தமிழர் கட்சியின் கொள்கையோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடு கிடையாது. ஆனால் கணக்கு வேறு மாதிரி. 2016-ல் 1 சதவீதம், 2019-ல் சுமார் 4, 2021-ல் 6.6, 2024-ல் 8.2. நான்கிலும் இடம் பூஜ்யம். 2025 ஜனவரியில் மாநிலக் கட்சி அங்கீகாரம் வந்தது. இதிலிருந்து "ஓட்டு வீணாகிவிடும்" என்ற பழைய பயத்தைக் கொஞ்சம் கணக்குப்போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தொகுதியில் 1,80,000 செல்லுபடியான ஓட்டு என்றால் ஆறில் ஒரு பங்கு 30,000. அதற்கு மேல் ஒரு ஓட்டாவது வாங்கினால்தான் 10,000 ரூபாய் டெபாசிட் திரும்பும் (பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000). இந்தக் கணக்கில் நோட்டா சேராது. டெபாசிட் போவது மானப் பிரச்சினைதான், கட்சிக்கு அது பெரிய நஷ்டமில்லை. உண்மையான வாசல்கள் வேறு. மாநில அளவில் 1 சதவீதம் வாங்கினால், பதிவு மட்டும் பெற்ற கட்சி தன் வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே பொதுச் சின்னம் தொடர்ந்து கேட்கும் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 8 சதவீதம் வாங்கினால் ஒரு இடமும் வெல்லாமலே அங்கீகாரம். அல்லது 6 சதவீதமும் இரண்டு எம்எல்ஏக்களும். மக்களவையில் என்றால் 25 தொகுதிக்கு ஒருவர் வீதம். தமிழகத்தின் 39-க்கு இரண்டு எம்பி போதும். இவை மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்க்கும் சதவீதம் என்பதால், உங்கள் தொகுதியில் அந்தக் கட்சி நான்காவதாக வந்தாலும் நீங்கள் போட்ட ஓட்டு அந்தக் கூட்டலில் இருக்கும்.

அங்கீகாரம் வெறும் பட்டமில்லை. சின்னம் நிரந்தரமாகும். வேட்புமனுவுக்கு பத்துப் பேர் முன்மொழிய வேண்டியது ஒருவராகக் குறையும். மற்றவர்களின் மனு தள்ளுபடியாவதற்கு அந்தப் பத்தில் ஒருவர் வேறு தொகுதி வாக்காளராக இருப்பதே அடிக்கடி காரணம். வாக்காளர் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். நட்சத்திரப் பேச்சாளர் 20-லிருந்து 40 ஆகும். தூர்தர்ஷன், வானொலியில் நேரம் கிடைக்கும். இயந்திரத்தில் பெயர் மேலே போகும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தோன்றும். 2024-ல் கரூரில் 54 வேட்பாளர், 2023-ல் ஈரோடு கிழக்கில் 77. ஒரு கருவியில் 16 வரிசைதான், அதனால் ஈரோட்டில் ஐந்து கருவிகளை வரிசையாக வைத்தார்கள். அந்தக் காட்டில் புதுச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வயதானவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராமநாதபுரத்தில் ஒரே தேர்தலில் ஓ. பன்னீர்செல்வத்தோடு இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் நின்ற கதையும் உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் முறையில், மூன்றாவது கட்சிக்குப் போகும் ஓட்டு முதல் இரண்டு பேரின் தலையெழுத்தை மாற்றும். 2016-ல் அதிமுக, திமுக அணிகளுக்கு இடையே மாநில அளவில் சுமார் 1 சதவீத ஓட்டு வித்தியாசம்தான். தனக்கு ஆகவே ஆகாது என்று நினைக்கும் கட்சி தன் ஓட்டால் வந்துவிடக் கூடாது என்று ஒருவர் கணக்குப் போட்டால் அதைக் கோழைத்தனம் என்று திட்டும் மாற்றுக் கட்சித் தொண்டர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

சின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பதிவு மட்டும் பெற்ற கட்சிக்குப் பொதுச் சின்னம் வேண்டுமென்றால் சட்டமன்றத் தேர்தலில் 5 சதவீதத் தொகுதிகளிலாவது, அதாவது 12-ல், நிற்க வேண்டும். சட்டமன்றத்தின் ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போது விண்ணப்பம் வாங்கத் தொடங்குவார்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கு, நன்கொடை அறிக்கை, முந்தைய தேர்தல்களின் செலவுக் கணக்கு எல்லாம் உடன் இருக்க வேண்டும். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. 2024-ல் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயியை இழந்து மைக்கில் நின்றது இந்த விதியால்தான். வேறொரு கட்சி முன்னதாகக் கேட்டுவிட்டது. இதைச் சதி என்று மேடையில் பேசலாம். அலுவலக வேலையில் ஒரு நாள் பிந்தினாலும் நடக்கக்கூடியது என்பதும் உண்மை.

இன்னொன்று, கூட்டணியில் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கும் சின்னக் கட்சி. அடுத்தவர் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் அந்தக் கட்சி தன் வேட்பாளரை அறிவிக்கும் படிவம் பி-யில் பெயர் வர வேண்டும். அந்தக் கட்சியின் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ஜெயித்தால் சபையில் அந்தக் கட்சிக்காரராகத்தான் கணக்கு, அதன் கொறடா சொல்வதை மீறினால் பதவி போகலாம். ஓட்டுச் சதவீதமும் அந்தக் கட்சியின் பெயரில்தான் ஏறும். 2021-ல் மதிமுக ஆறு தொகுதியிலும் உதயசூரியனில் நின்று நான்கில் வென்றது. கட்சியின் பெயரில் ஒரு ஓட்டும் சேரவில்லை. அதே கூட்டணியில் விசிக பானைச் சின்னத்தில் நின்று நான்கு இடம் பிடித்தது. 2024-ல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டையும் பானையிலேயே வென்றதால் அங்கீகாரம் கிடைத்தது. ஆகவே வேட்பாளர் எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும், எந்தச் சின்னத்தில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டே அவரை மாற்று என்று ஏற்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். "மக்கள் காசில் நடக்கும் கட்சி" என்று எல்லா மாற்றுக் கட்சியும் சொல்லும். சோதிப்பது சுலபம். ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பெயரோடு தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்; படிவம் 24ஏ. ரொக்கமாக 2,000-க்கு மேல் வாங்கினால் கட்சியின் வருமான வரி விலக்கே ஆட்டம் காணும். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த அறிக்கை இருக்கிறதா, தணிக்கைக் கணக்கு ஆண்டு தவறாமல் வருகிறதா என்று பாருங்கள். சட்டமன்றத் தேர்தல் முடிந்த 75 நாளில் கட்சி தன் செலவுக் கணக்கைக் கொடுத்திருக்க வேண்டும். மாநாட்டுக்கு ஆயிரம் பேருந்து பிடித்த கட்சியின் ஆண்டுக் கணக்கில் பேருந்து வாடகையே காணோம் என்றால் யாரோ கணக்குக்கு வெளியே கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குக் கீழே இன்னொரு சாக்கடை உண்டு. பதிவு மட்டும் பெற்று, தேர்தலிலேயே நிற்காமல், வரிக் கழிவுக்கு ரசீது விற்பதற்காக நடக்கும் கட்சிகள். வங்கி வழியாக நன்கொடை வாங்கி, கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருவார்கள். 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும் செப்டம்பரில் 474 கட்சிகளையும் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆறு ஆண்டாகத் தேர்தலில் நிற்காதது முக்கியக் காரணம். "எங்களுக்கு நன்கொடை கொடுங்கள், வரி மிச்சம்" என்று முதல் வாக்கியத்திலேயே பேசுகிறவரிடம் ஐந்தடி தள்ளி நில்லுங்கள்.

வேட்பாளர் மட்டத்தில் செலவு வரம்பு சட்டமன்றத்துக்கு 40 லட்சம். மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கம் கூடாது, முடிவு வந்த 30 நாளில் கணக்குத் தாக்கல். 40 லட்சத்தின் கிட்டக்கூடப் போகாத சின்னக் கட்சி வேட்பாளர்கள் கடைசி நிபந்தனையில்தான் மாட்டுகிறார்கள். தோற்றதும் ஊருக்குப் போய்விடுவார்கள், பில் எல்லாம் யாரிடமோ கிடக்கும், நோட்டீஸ் வரும், பதில் போகாது, மூன்றாண்டுத் தகுதிநீக்கம். நான்கு லட்சம் செலவழித்தவர் தகுதியிழப்பார், நாலு கோடி செலவழித்து நாற்பது லட்சத்துக்குள் அழகாகக் கணக்கு எழுதியவர் சபையில் இருப்பார். அநியாயம்தான். ஆனாலும் தன் வேட்பாளர்களுக்குக் கணக்கு எழுத ஒரு ஆளைக்கூடப் போடாத கட்சி, ஆட்சிக்கு வந்து ஒரு மாநகராட்சியின் கணக்கைப் பார்க்கும் என்று நான் நம்பத் தயாரில்லை.

படிவம் 26 பிரமாணப் பத்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சொத்து, கடன், ஐந்தாண்டு வருமானம், வழக்கு. ஆணையத்தின் இணையதளத்தில் தரவிறக்கிப் பார்க்கலாம், அவ்வளவே. அதைவிட யாரும் கவனிக்காதது படிவம் சி-7. குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தும் கட்சி, தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள், ஏன் இவர், வழக்கு இல்லாத வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று நாளிதழில் காரணம் சொல்ல வேண்டும். "ஜெயிக்கும் வாய்ப்பு" என்பது மட்டும் காரணமாகாது என்றது உச்ச நீதிமன்றம். வரும் விளம்பரங்களைப் பாருங்கள். "மக்கள் சேவையில் ஆர்வம் உள்ளவர்" என்று எல்லாக் கட்சிக்கும் ஒரே வாசகம், ஜெராக்ஸ் எடுத்தது போல. மாற்றுக் கட்சி இதிலாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். போராட்டத்தில் போட்ட வழக்கா, நில மோசடி வழக்கா என்பதையும் சட்டப்பிரிவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆர்ப்பாட்ட வழக்கு இல்லாத எதிர்க்கட்சிக்காரர் வீட்டிலேயே இருந்தவராகக்கூட இருக்கலாம்.

கட்சியின் சட்டவிதியைக் கேட்டு வாங்குங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே உட்கட்சித் தேர்தலுக்கு வழி சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. தலைவரைத் தவிர வேறு யாராவது எந்தப் பதவிக்காவது போட்டியிட்டு ஜெயித்திருக்கிறாரா என்பது ஒரே கேள்வி.

நோட்டாவுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2013 செப்டம்பர் 27 தீர்ப்பால் வந்தது, அதற்கு முன் யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்யும் 49-ஓ விதி. சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளருக்குத்தான் சான்றிதழ். கோபத்தைப் பதிவு செய்யலாம். டெபாசிட், அங்கீகாரம் என்ற எந்தக் கணக்கிலும் அது ஏறாது.

பிடித்த கட்சிக்கு ஆள் பற்றவில்லை என்று தெரிந்தால் வாக்காளரே செய்யக்கூடியது உள்ளாட்சியில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில், ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சாராமல். சில நூறு ஓட்டில் தீர்மானமாகும் வார்டில் சின்னக் கட்சிக்காரர் ஜெயிக்க மாநாடு தேவையில்லை, தெருவிளக்கும் குடிநீரும் தெரிந்த ஒருவர் போதும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தக் கட்சிக்காரர் ஆறில் எத்தனைக்கு வந்து வரவு செலவைப் படிக்கச் சொன்னார் என்று ஊரில் கேட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் பெயர் பட்டியலில் இருந்தால்தான் இவ்வளவும். வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழகத்தில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு போக, தவறிப்போனவர்களும் அதில் உண்டு. திருத்தத்தின்போது வாக்குச்சாவடி நிலை முகவரை நியமிக்கும் உரிமை அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத்தான். புதுக் கட்சிக்குப் போகக்கூடிய ஓட்டு, விடுதியில் தங்கிப் படிப்பவர், வாடகை வீடு மாறுபவர், முதல்முறை வாக்காளர் என்று விடுபடும் வாய்ப்பு அதிகமுள்ள கூட்டத்தில்தான் கணிசமாக இருக்கிறது. பார்த்துச் சேர்க்க அந்தக் கட்சிக்கு அதிகாரபூர்வ ஆள் இல்லை. பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றம், திருத்தம் எல்லாம் படிவம் 8. வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிந்தினால் அந்தத் தேர்தலுக்கு இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எண்ணிக்கை நாளில் தங்கள் நிருபர்கள் ஒவ்வொரு மையத்திலும் முன்னிலை, பின்னடைவு எழுதுகிறார்கள். கூடவே 14 மேசையில் எத்தனை மேசைக்கு எந்தக் கட்சி முகவர் உட்கார்ந்திருந்தார், அவர்கள் கையில் 17சி நகல் இருந்ததா, எத்தனையாவது சுற்றில் எழுந்து போனார்கள் என்று தொகுதிக்கு இரண்டு வரி போட்டால், அடுத்த தேர்தலுக்கு எங்களைப் போன்ற வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்